ஹாம் வானொலிக்கு எந்த ஒலிபெருக்கி?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஒலிபெருக்கி வாங்கக் கடைக்குச் செல்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் உடனே ஒரு திரைப்படப் பாடலைப் போடுவார். ‘டம் டம்’ என்று கனத்த ஒலி எழும். மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளை நடுங்கும். வாங்க வந்தவர் முகம் மலரும். விலை பேசி முடித்துவிடுவார்கள். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு இந்தச் சோதனை போதும். ஆனால் அமெச்சூர் வானொலி நிலையத்துக்கு ஒலிபெருக்கி வாங்கப் போகிறவரும் இதே சோதனையைச் செய்தால், தமக்கு ஆகாத ஒன்றைத்தான் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வருவார். அது ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் இயற்பியல் துறையில் அப்படியொரு நிலையம் தொடங்கலாம் என்ற பேச்சு அடிபடும் இவ்வேளையில், பேராசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் இது சிறிதேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

அமெச்சூர் வானொலியாளரைச் சுருக்கமாக ‘ஹாம்’ என்பர். அரசு நடத்தும் தேர்வில் வென்று, உரிமம் பெற்று, வருவாய் நோக்கம் ஏதுமின்றித் தம் சொந்த நிலையத்திலிருந்து பிற ஹாம்களுடன் பேசுபவர் இவர். இந்திய நிலையங்களின் அழைப்புக் குறிகள் பொதுவாக ‘வி.யு.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். பேசவும் கேட்கவும் ஒரே கருவிதான். அதை டிரான்ஸீவர் என்பர். அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு சிறு ஒலிபெருக்கி இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. இடப் பற்றாக்குறையால் அதைப் பல கருவிகளில் மேல்மூடியிலோ அடிப்பக்கத்திலோ பொருத்திவிடுகிறார்கள். கேட்பவர் அமர்ந்திருப்பதோ முன்பக்கத்தில்! எனவேதான் வெளியே தனியாக ஓர் ஒலிபெருக்கி வேண்டியிருக்கிறது.

இது வெறும் சொகுசு அன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் இருந்தனர். (அந்நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) உலக ஹாம்களுடன் பேசுவதற்காக முன்னரே அனுமதி பெற்று அங்கு நிலையம் அமைத்திருந்த அவர்கள், வழக்கமான தொடர்புகள் அறுந்த வேளையில், உயிர் தப்பியவர்களைப் பற்றிய செய்திகளை வானொலி வழியே அனுப்பினர். அத்தகைய செய்தியில் இருப்பவை என்ன? ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண்ணிக்கை. அறுபது என்பது எழுபதாகவும், காரைக்கால் என்பது காரைக்குடியாகவும் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தி கடல் கடந்து, வானத்தில் மோதித் திரும்பி, நம் கருவிக்குள் வந்துவிடுகிறது. கடைசி மூன்றடி தூரத்தில், ஒலிபெருக்கிக்கும் காதுக்கும் இடையில், அது கெட்டுப் போகலாகாது அல்லவா?

இனி இயற்பியலுக்கு வருவோம். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஹாம்கள் தொலைதூரப் பேச்சுக்குப் பெரிதும் கையாளும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மட்டுமே அனுப்பப்படுகிறது. அலைவரிசையில் இடம் குறைவு. எல்லோரும் பேச வேண்டும். ஆகவே குரலின் தேவையான துண்டை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். அப்படியிருக்க, ‘40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று அட்டைப்பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் ஒலிபெருக்கியால் நமக்கு என்ன லாபம்? 300-க்குக் கீழே அது தருவது மின்வழங்கியின் முனகல். 2,700-க்கு மேலே அது தருவது கருவியின் இரைச்சல். இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. நம் பேச்சில் ஆற்றல் இருக்கும் இடம் வேறு. பொருள் இருக்கும் இடம் வேறு. பாட்டு, காட்டு, நாட்டு, மாட்டு என்று சொல்லிப் பாருங்கள். நான்கிலும் ‘ஆ’ என்ற உயிரொலி ஓங்கி ஒலிக்கிறது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் நான்கு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுவது முதலில் வரும் மெய்யொலி. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறையும் அதன் அடையாளங்களில் பெரும்பாலானவை 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. உயிரொலி உரத்தது, மெய்யொலி மெலிந்தது. கனத்த ஒலியை மேலும் தூக்கிக் கொடுக்கும் பெட்டியில் ‘ஆ’ வீங்கி, முன்னால் வந்த மெய்யை மூடிவிடுகிறது. தாழ்ந்த அதிர்வெண் உயர்ந்த அதிர்வெண்ணை மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. இது நம் செவியின் இயல்பு. பாட்டுக்கு இனிமை தந்த அதே பெட்டி பேச்சைக் குழப்புவதன் காரணம் இதுதான்.

ஒரு நேர்மையான வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலியின் பெரும்பகுதி 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது அனுப்பப்படவே இல்லை. எத்தனை விலையுயர்ந்த ஒலிபெருக்கியாலும் வராத ஒன்றைத் தர முடியாது. ஆகவேதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1956-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்னும் சொல்வரிசையை ஹாம்களும் கையாளுகிறார்கள். ‘சியர்ரா’ என்றால் எஸ்; ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்றால் எஃப். குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த உண்மைகளை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் தந்தையார் அறிந்திருந்தார் என்றால் வியப்பாக இருக்கும். அவர் மைக் செட் தொழிலாளி. திருவிழா, திருமணம், கட்சிக் கூட்டம் என்று கம்பம் ஏறிக் குழாய் கட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிர்வெண், மின்எதிர்ப்பு என்ற சொற்கள் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால், “பாட்டுக்கு பாக்ஸு, பேச்சுக்குக் குழாய்டா தம்பி” என்பார். கூட்டத்தில் தலைவர் பேசும்போது பெட்டிகளின் ஒலியைக் குறைத்துக் குழாய்களை உயர்த்துவார். குழாயில் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் அதில் பாட்டுக் கேட்டால் தகரத்தில் தட்டினாற்போல் இருக்கிறது. பேச்சு மட்டும் இரண்டு வயல் தாண்டித் தெளிவாகக் கேட்கிறது. வேறொரு சிறப்பும் அதற்கு உண்டு. காற்று மிக இலேசானது. ஒலிபெருக்கியின் அசையும் தகடு அதைவிடக் கனமானது. இரண்டுக்கும் பொருத்தமில்லாததால் சாதாரணப் பெட்டி தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் ஒலியாக மாற்றுகிறது, மிச்சம் வெப்பம். குழாயின் மெல்ல விரியும் வடிவம், மின்மாற்றி இரு சுற்றுகளைப் பொருத்துவது போல, தகட்டையும் காற்றையும் பொருத்தி வைக்கிறது. எனவே அதன் பயன் பல மடங்கு உயர்கிறது.

அப்படியானால் ஹாம் நிலையத்தில் ஒரு குழாயையே கட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். நான்கு சுவருக்குள் இரண்டு மணி நேரம் அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் மறுமுறை கேட்கமாட்டார்கள். நம் செவி 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகே மிகக் கூர்மையானது. குழாயின் கூச்சலும் அங்கேயே உச்சம் கொள்வதால் விரைவில் தலைவலி வந்துவிடும். குழாயின் இயல்பை இரவல் வாங்கிக்கொண்டு, அதன் கூச்சலை விட்டுவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து அங்குல விட்டமுள்ள, முழுவீச்சு வகை என்று கடைகளில் சொல்லும் ஒற்றைத் தாள்கூம்பு ஒலிபெருக்கி, அடக்கமான பெட்டியில், கேட்பவர் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நான் கண்டவரையில் இதுவே சிறந்தது.

முகத்தைப் பார்த்தபடி என்று ஏன் வலியுறுத்துகிறேன்? 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். 3,000 ஹெர்ட்ஸில் அது 11 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை பெட்டியைச் சுற்றி வளைந்து எல்லாப் பக்கமும் பரவும். குறுகிய அலைக்கு நேராகச் செல்லும் போக்கு அதிகம். ஒலிபெருக்கி மேற்கூரையைப் பார்த்து இருந்தால், உயிரொலி நமக்கும் மெய்யொலி கூரைக்கும் போய்ச் சேரும். எட்டு அங்குலப் பெரிய கூம்பில் இந்த நேர்ப்போக்கு மேலும் கூடும். சற்றே விலகி அமர்ந்தாலும் தெளிவு போய்விடும். பெரியது நல்லது என்ற எண்ணம் இங்கும் செல்லாது.

அடுத்து ஆற்றல். கடையில் ‘எத்தனை வாட்?’ என்பதுதான் முதற் கேள்வி. நமக்கு அது கடைசிக் கேள்வி. டிரான்ஸீவர் ஒலிபெருக்கிக்குத் தருவது சாதாரணமாக 2 அல்லது 2.5 வாட்தான். 100 வாட் ஒலிபெருக்கி என்றால் 100 வாட்டைத் தாங்கும் என்று பொருளே தவிர, 100 வாட் ஒலியைத் தரும் என்று பொருளன்று. கேட்க வேண்டியது அதன் உணர்திறன்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல்? ஒன்று 84 டெசிபல், மற்றொன்று 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6 டெசிபல். 3 டெசிபலுக்கு ஆற்றல் இரட்டிப்பாகும் என்ற கணக்கின்படி, முதல் ஒலிபெருக்கி 2.5 வாட் வாங்கித் தரும் ஒலியை இரண்டாவது 0.6 வாட்டிலேயே தந்துவிடும். கருவியைத் திணறடிக்காமல் பாதியளவில் ஓட்டலாம்; சிதைவு குறையும். 2.5 வாட் என்று கையேட்டில் எழுதும்போதே, ‘10 விழுக்காடு சிதைவில்’ என்று பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். முழு ஒலியில் வைத்தால் அந்தப் பத்தும் நம் காதுக்குத்தான்.

ஒலிபெருக்கியை அருகில் கொண்டுவருவதும் ஆற்றலைக் கூட்டுவதற்குச் சமம். திறந்தவெளியில் தொலைவைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். அறைக்குள் எதிரொலியால் சற்றுக் குறையும். மேலும் அருகில் இருந்தால் சுவரில் மோதி வரும் ஒலியைவிட நேரே வரும் ஒலி ஓங்கி நிற்கும். அலமாரி உச்சியில் வைப்பதைவிடக் கை எட்டும் தூரத்தில் வைப்பதே மேல்.

மின்எதிர்ப்பைப் பற்றி மாணவ நண்பர்கள் அடிக்கடி ஐயம் எழுப்புவதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். பல கருவிகள் 8 ஓம் ஒலிபெருக்கிக்கென்று அமைக்கப்பட்டவை. 8 ஓமில் 2.5 வாட் என்றால் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.5 வோல்ட். அதே அழுத்தத்தில் 16 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால் ஆற்றல் 1.25 வாட்டாகப் பாதியாகும். ஒலி சற்றுக் குறையும், கேடு ஒன்றுமில்லை. காரில் இருந்து கழற்றிய 4 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினாலோ, கணக்குப்படி 5 வாட் தரவேண்டி வரும். கருவியின் சிறிய பெருக்கியால் அவ்வளவு மின்னோட்டம் தர முடியாது; சூடாகும், குரல் உடையும். 4 ஓம் மாட்டலாம் என்று கையேடே கூறினால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம், தொடரிணைப்பில் போட்டால் 16 ஓம் என்பது நாம் ஆய்வகத்தில் செய்த கணக்கே. மைக் செட் கடையில் கிடைக்கும் 100 வோல்ட் லைன் வகையை நேரே மாட்டக்கூடாது. அதன் உள்ளே மின்மாற்றி உண்டு. 10 வாட் லைன் ஒலிபெருக்கி என்றால் அதன் மின்எதிர்ப்பு 1,000 ஓம். நம் கருவியின் 4.5 வோல்ட்டுக்கு அது முணுமுணுப்பதோடு சரி.

ஐகாம், யேசு, கென்வுட் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் கருவிகளுக்குப் பொருத்தமான ஒலிபெருக்கிகளையும் செய்கின்றன. சிலவற்றில் கனத்த ஒலியையும் கீச்சொலியையும் வெட்டும் வடிகட்டிகள் சுவிட்சோடு இருக்கும். நல்லவைதாம். ஆனால் இறக்குமதிப் பொருளின் விலையைக் கேட்டால், அரசுக் கல்லூரி மாணவன் கேட்டுவிட்டு வெளியே வர வேண்டியதுதான். சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊர்க் காயலான் கடையிலும், நமக்கு வேண்டியது கிடைக்கும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்த முட்டை வடிவ ஒலிபெருக்கிகள் பேச்சுக்கு மிக ஏற்றவை. வாங்கும்போது தாள்கூம்பு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரு கட்டை விரல்களாலும் கூம்பைச் சீராக மெல்ல அழுத்தி விடுங்கள். ‘சர சர’ என்று உரசினால் உள்ளே குரல் சுருள் கோணியிருக்கிறது, வேண்டாம். 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டால் ‘டப்’ என்ற ஒலியுடன் கூம்பு அசைய வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் 8 ஓம் ஒலிபெருக்கி 6, 7 என்று காட்டும். அது பழுதன்று, மீட்டர் காட்டுவது நேர்மின்தடை மட்டுமே.

பெட்டியை மரப்பலகையிலோ ஒட்டுப்பலகையிலோ செய்யுங்கள். தகரப் பெட்டிக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் இருக்கும். குரல் அதைத் தொடும்போதெல்லாம் ஒத்ததிர்வால் பெட்டியும் சேர்ந்து பேசும். உள்ளே பழைய பருத்தித் துணியையோ பஞ்சையோ தளர்வாக அடைத்தால் போதும்.

செய்த பெட்டியில் இன்னமும் கனத்த ஒலி மிகுந்திருந்தால், ஒலிபெருக்கியுடன் தொடரிணைப்பில் ஒரு மின்தேக்கியைச் சேர்க்கலாம். 8 ஓமுக்கு 68 மைக்ரோ ஃபாரட் போட்டால், ஏறத்தாழ 290 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். துருவமற்ற வகையாக இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், இரண்டு 100 மைக்ரோ ஃபாரட் மின்பகு மின்தேக்கிகளின் எதிர்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 50 மைக்ரோ ஃபாரட் ஆகும். வெட்டும் இடம் 400 ஹெர்ட்ஸ் அருகே வரும். ஒலிபெருக்கியின் மின்எதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாகவே இருப்பதில்லை என்பதால் இது தோராயக் கணக்கே. காது சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கணினியோடு வரும், தனக்குள்ளேயே பெருக்கி கொண்ட ஒலிபெருக்கிகளைப் பலர் கையாளுகிறார்கள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கும்; பேசும்போதுதான் வேடிக்கை. நூறு வாட் ஆற்றலில் அலை பரப்பினால், உறையில்லாத அதன் நீண்ட கம்பி ஆண்டெனா போல் அந்த அலையை வாங்கிக்கொள்ளும். உள்ளேயுள்ள பெருக்கியின் குறைகடத்திச் சந்தி அதைத் திருத்தி ஒலியாக்கிவிடும். நம் குரலே வாத்து கத்துவது போல் நமக்குக் கேட்கும். கம்பியைக் குறுக்கி, ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். அதன் மின்வழங்கி வேறு அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பக்கூடும். பெருக்கி இல்லாத எளிய பெட்டிக்கு இந்த வியாதிகள் மிகக் குறைவு. செருகியை மாட்டுமுன் மற்றொன்றையும் கையேட்டில் பாருங்கள்: வாகனங்களில் வைக்கும் சில கருவிகளில் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளில் எதுவுமே தரையோடு சேர்ந்ததன்று. அவற்றில் ஒரு கம்பியைச் சட்டத்தோடு இணைத்தால் பெருக்கி எரிந்துபோகும்.

கடைசியாக, எப்படித் தேர்வு செய்வது? பாட்டைப் போட்டு அன்று, சொற்களைப் போட்டு. என் வகுப்புத் தோழர் ஒருவர் பாட்டு, காட்டு, நாட்டு, மாட்டு, அறுபது, எழுபது, காரைக்கால், காரைக்குடி போன்ற சொற்களை வரிசை மாற்றி மாற்றிப் படிக்க, செல்பேசியில் பதிவு செய்தோம். கணினியில் அதை 300 முதல் 2,700 ஹெர்ட்ஸுக்குள் வெட்டி, நிலையம் ஏதும் கிடைக்காத இடத்தில் வானொலி எழுப்பும் இரைச்சலைக் கலந்தோம். மூன்று ஒலிபெருக்கிகளைப் போர்வைக்குப் பின்னால் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டோம். கேட்டவர்கள் தாங்கள் கேட்டதை எழுத வேண்டும். மூன்றின் ஒலியளவும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது முக்கியம். உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்பதாகவே மனத்துக்குத் தோன்றும். காயலான் கடை முட்டை ஒலிபெருக்கியில்தான் குறைந்த தவறுகள் வந்தன. தகரப் பெட்டி இரண்டாவது. நாங்கள் மிகவும் நம்பியிருந்த பெரிய கறுப்புப் பெட்டியில் நாட்டுக்கும் மாட்டுக்கும் வித்தியாசமே இல்லை. அது இப்போது விடுதியில் நண்பர்களுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்க் குவளை நன்றாகவே நடுங்குகிறது.